காது மந்தமானவர்களும் கும்மி வட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கத்தில் விசைத்தறிப் பட்டறையை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். 16 வயதில் தறியில் நின்றேன். 43 வயதில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன என்று பரிசோதனைத் தாள் சொன்னது. ஒன்பது ஆண்டுகளாகக் காதுக்குப் பின்னால் கருவி இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு மாலை கும்மியும் கோலாட்டமும் ஆடுகிறேன். எங்கள் வட்டத்துக்கு வருகிறவர்களும், வரத் தயங்கி வாசலில் நிற்கிறவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் கேட்ட கேள்விகள் இவை. மருத்துவர் சொல்ல வேண்டியதை மருத்துவரிடமே கேளுங்கள். ஆடுகிறவள் சொல்லக்கூடியதை நான் சொல்கிறேன்.

பாட்டே சரியாகக் கேட்காதபோது கும்மி எப்படி ஆடுவது?

கும்மியில் பாட்டு ஒரு பங்குதான். வட்டத்தில் இருபது பேர் நின்றால் நாற்பது கைகள் ஒரே நேரத்தில் மேலே போய்க் கீழே வருகின்றன. இருபது பேரின் முழங்கால்கள் ஒரே நேரத்தில் மடங்குகின்றன. தாளம் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் பறையோ தவிலோ இருந்தால் அதன் அடி நெஞ்சுக்கூட்டில் வந்து விழுகிறது. கனத்த, தாழ்ந்த சுருதி ஒலியைக் காது தவறவிட்டாலும் தோல் பிடித்துக்கொள்ளும். பிறகு, உங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும் இருக்கின்றன. எட்டு எண்ணிக்கையில் எங்கே தட்டு, எங்கே அடி என்று ஒரு மாதம் பழகிவிட்டால், உடம்பு எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஈவ்லின் கிளெனி என்ற தாளவாத்தியக் கலைஞர் 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டவர். அதிர்வைக் காலால் உணர்வதற்காக அவர் மேடையில் செருப்பில்லாமல் வாசிக்கிறார். கும்மியில் நாம் எப்போதும் வெறுங்காலோடுதான் இருக்கிறோம். ஆனால் தரையைப் பொறுத்து இது மாறும். பலகைத் தளம் அதிர்வை நன்றாகக் கடத்தும். கோயில் திடலின் மண்ணும் மண்டபத்தின் கான்கிரீட்டும் அவ்வளவாகக் கடத்தாது. அங்கே நெஞ்சையும் கண்ணையும் நம்புங்கள்.

சத்தம் கேட்கிறது, சொல்தான் புரியவில்லை. என் காதில் என்னதான் கோளாறு?

தறிச்சத்தத்தால் வரும் மந்தமும் வயதால் வரும் மந்தமும் பெரும்பாலும் கீச்சென்ற, உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகின்றன. பட்டறைச் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவரின் பரிசோதனைத் தாளைப் பார்த்தால், அந்த உயர்ந்த சுருதிப் பக்கத்தில், 4000 ஹெர்ட்ஸ் அருகில், கோடு பள்ளமாக இறங்கியிருக்கும். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்தது, வலுவானது. அது வந்து சேர்ந்துவிடும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிப்பது மெய்யெழுத்து. அதன் ஓசை மெலிந்தது, கூர்மையானது. படமா, தடமா, கடமா என்று தெரியாமல் நிற்பது அதனால்தான். எதிரில் இருப்பவர் கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகிறது. மெய்யெழுத்து தெளிவதில்லை.

ஆட்டத்துக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பறையின் அடி, தவிலின் தொப்பி, பம்பையின் தாழ்ந்த முகம் எல்லாம் நமக்கு மிச்சமிருக்கும் பக்கத்தில்தான் ஒலிக்கின்றன. பாட்டின் வரிகளை முன்கூட்டியே எழுதி வாங்கிப் படித்துவிடுங்கள். தெரிந்த வரியைக் கேட்பது எளிது. தெரியாத வரியை அந்த இரைச்சலில் புரிந்துகொள்ள முயன்றால் களைப்புதான் மிஞ்சும்.

கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம்: எதில் தொடங்கலாம்?

என்னைக் கேட்டால் கோலாட்டம். ஒவ்வொரு தாளமும் மணிக்கட்டில் வந்து சேர்கிறது. எதிரில் இருப்பவரின் கோல் உங்கள் கோலில் பட்ட கணமே, சரியான நேரத்தில் வந்தீர்களா, முந்திவிட்டீர்களா, பிந்திவிட்டீர்களா என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. காது கேட்காத ஒருவருக்கு இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லும் ஆட்டம் வேறு எனக்குத் தெரியாது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடியே ஆடுகிறோம் என்பது இன்னொரு வசதி. மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பின்னியபடி ஆடும் பின்னல் கோலாட்டத்தை மட்டும் சற்றுத் தள்ளிப்போடுங்கள். அதில் ஒருவர் தவறினால் எல்லோருடைய கயிறும் சிக்கிக்கொள்ளும். புதியவருக்கு அந்தச் சுமை வேண்டாம்.

கும்மி அடுத்தது. வட்டத்தின் உள்நோக்கி நிற்கும்போது எல்லோரும் கண்ணில் இருக்கிறார்கள். வெளிநோக்கித் திரும்பும் அடவுகளில்தான் சிரமம். அந்த நான்கு எண்ணிக்கைக்கு உங்களுக்குத் துணை யாரும் இல்லை. அந்த இடங்களை மட்டும் தனியாக வீட்டில் நின்று மனப்பாடம் செய்யுங்கள்.

தட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விரல்கள் மட்டும் படத் தட்டினால் ஓசை மெலிந்து கூர்மையாக வரும். என் காதுக்கு அது வருவதே இல்லை. இரண்டு கைகளையும் குவித்துத் தட்டினால் ஓசை கனமாகத் தாழ்ந்து வரும், அது கேட்கிறது. எங்கள் வட்டத்தில் எட்டாவது தட்டை மட்டும் எல்லோரும் குவித்த கையால் தட்டுகிறோம். எனக்காகத் தொடங்கியது அது. இப்போது நன்றாகக் கேட்கிறவர்களும் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள்.

ஒயிலாட்டத்தில் கைத்துணி தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் வரிசையாக நிற்பதால் முன்னால் இருப்பவரின் முதுகுதான் நமக்கு. தொடக்கத்தில் மெதுவாகவும் போகப்போக வேகமாகவும் போகும் ஆட்டம் என்பதால், அடவுகள் உடம்பில் ஊறிய பிறகு அதற்குப் போகலாம்.

வள்ளி கும்மி எடப்பாடி, சங்ககிரிப் பக்கமெல்லாம் இப்போது பெரிதாக நடக்கிறது. நூறு பேருக்கு மேல் நிற்கும் அரங்கில் பாடுகிறவர் எங்கோ இருப்பார். சிறு வட்டத்தில் பழகிவிட்டுப் போங்கள்.

பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அப்படியே செய்தால் போதாதா?

போதாது. நானும் ஓராண்டு அப்படித்தான் ஆடினேன். எப்போதும் அரைத் தாளம் பின்னால் இருந்தேன். கண் பார்த்து, மனம் புரிந்து, கை நகர்வதற்குள் தட்டு முடிந்துவிடுகிறது.

இரண்டு பழக்கங்கள் என்னை மாற்றின. எண்ணிக்கையை உள்ளுக்குள் நானே ஓட்டத் தொடங்கினேன். அடுத்தவரைப் பார்ப்பது அதைச் சரிபார்ப்பதற்காக மட்டும். இரண்டாவது, கைகள் சேரும் கணத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைகள் பிரியும் கணத்தைப் பார்க்கத் தொடங்கினேன். தட்டுவதற்கு முன்னால் தோள் உயர்கிறது, முழங்கால் சற்று மடங்குகிறது. அடுத்த தாளம் எவ்வளவு வேகமாக வரப்போகிறது என்பதை அந்த எழுச்சியே காட்டிக்கொடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் பாடுகிறவரின் வாயைவிட முன்னால் ஆடுகிறவரின் முழங்கால் தெளிவாகப் பேசும்.

பார்ப்பதற்கு உரியவரையும் தேர்ந்தெடுங்கள். எனக்கு வலப்புறம் நிற்கும் அக்காவைவிட, வட்டத்தில் எனக்கு நேர் எதிரில் நிற்பவர்தான் எனக்குக் கடிகாரம். பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து வலிக்கும், அடி தடுமாறும்.

ஸ்பீக்கரை ஒட்டி நின்றால் தாளம் உடம்பில் நன்றாக இறங்குகிறதே, நிற்கலாமா?

நிற்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பது வேலைத்தலங்களுக்குச் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு மணி நேரம், 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். நிகழ்ச்சி அரங்குகளில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்திருக்கிறது. ஆடி மாதத்தில் நம் தெருக்களில் அடுக்கி வைக்கும் பெட்டிகளின் முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு அந்த எல்லை எங்கே போகிறது என்று தெரியும்.

ஏற்கெனவே போன காதுதானே, இனி என்ன கெடப்போகிறது என்று என்னிடம் ஒரு பெரியவர் கேட்டார். மிச்சமிருப்பதை வைத்துத்தான் அவர் தன் பேத்தியின் குரலைக் கேட்கிறார். அதைச் சொன்னேன். பெட்டியிலிருந்து பத்து அடியாவது தள்ளி நில்லுங்கள், அதற்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். கருவியை அணைத்துவிட்டால் அது காதடைப்பான் ஆகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்து மறுநாளும் காதில் இரைச்சல் ஓயவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் தள்ளிப்போடவே வேண்டாம், அன்றைக்கே போங்கள். முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்குவது முக்கியம்.

கருவியோடு ஆடலாமா? பாட்டு கரகரவென்று, உடைந்து கேட்கிறதே?

கருவியோடு ஆடலாம். கரகரப்புக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கருவிகள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. தொடர்ந்து ஒலிப்பதை இரைச்சல் என்று எண்ணி அடக்கப் பார்க்கின்றன. பலத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரப் பார்க்கின்றன. அதனால் தாளத்தின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுகிறது. நாதசுவரம் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால், தன்னுடைய சீழ்க்கைச் சத்தம் என்று நினைத்து அதை வெட்ட முயலும் கருவிகளும் உண்டு.

கருவியை அமைத்துத் தரும் ஆடியாலஜிஸ்டிடம் போய், இசைக்கென்று தனியாக ஒரு அமைப்பு வைத்துத் தரும்படி கேளுங்கள். பல டிஜிட்டல் கருவிகளில் அதற்கு இடம் இருக்கிறது. இரைச்சல் அடக்குவதைக் குறைத்து, ஒலியைத் தட்டையாக்குவதையும் குறைத்துத் தருவார்கள். பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். எனக்கு முதலில் கருவி பொருத்தியவர்களிடம் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் பேச்சுக்கான அமைப்போடே பாட்டுக் கேட்டேன். கைப்பேசியில் எங்கள் பறையைப் பதிவு செய்துகொண்டு போய் அங்கேயே போட்டுக் காட்டிய பிறகுதான் சரியாக அமைந்தது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

அலங்காரத்தையும் கவனியுங்கள். மாட்டல் சங்கிலி காதுக்குப் பின்னால் கருவி இருக்கும் இடத்தின் மேலேயே உரசும். பூச்சரம் தோளில் விழுந்து ஒலிவாங்கியில் தேயும். ஒவ்வொரு அடிக்கும் சரக் சரக் என்று அதுதான் கேட்கும். ஆடும் நாளில் நான் மாட்டல் போடுவதில்லை, பூவைக் கொண்டைக்குக் கீழே சுற்றிக்கொள்கிறேன். ஆண்கள் தலைப்பாகையைக் காதுக்கு மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். துணி மூடினால் கருவி சீழ்க்கை அடிக்கும். கொலுசு வேண்டாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். செவ்வாய்ப்பேட்டையும் சிவதாபுரமும் வெள்ளிக் கொலுசு செய்யும் ஊரில் இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது? அதன் ஓசை எனக்குக் கேட்பதில்லை. கணுக்காலில் அதன் அசைவு தெரிகிறது, அடி சரியாக விழுந்ததா என்று அதுவே சொல்கிறது.

வியர்வையில் கருவி கெட்டுவிடாதா?

கெடும். கருவியில் ஒரு மெல்லிய நூலைக் கட்டி ரவிக்கையிலோ சட்டையிலோ கிளிப்பால் மாட்டிக்கொள்ளுங்கள், விழுந்தாலும் மிதிபடாது. ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, இரவில் பேட்டரிக் கதவைத் திறந்தபடி சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். வெயிலில் காயவைப்பதும் முடி உலர்த்தும் இயந்திரத்தால் ஊதுவதும் கருவியைக் கெடுக்கும். துத்தநாகக் காற்று பேட்டரி என்றால் ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். இடுப்புப் பையில் மாற்றுப் பேட்டரி எப்போதும் இருக்கட்டும்.

சுழலும்போது தலை சுற்றுகிறது. வயதா, காதா?

இரண்டுமாக இருக்கலாம். உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உட்காதில்தான் இருக்கிறது. காது மந்தமான சிலருக்கு அதுவும் தளர்ந்திருக்கும். அவர்கள் கண்ணை நம்பித்தான் நேராக நிற்கிறார்கள். எனவே அரையிருட்டிலும், மேடு பள்ளமான தரையிலும் தடுமாற்றம் கூடும். வெளிச்சமான இடத்தில் ஆடுங்கள், முழுச்சுற்றை அரைச்சுற்றாக்கிக்கொள்ளுங்கள். படுத்து எழும்போதும் சுற்றினால் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

என் மகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உட்காதில் காக்ளியர் கருவி பொருத்தியிருக்கிறது. கோலாட்டம் ஆட விடலாமா?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுவதால், நம் பக்கத்துக் கிராமங்களிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து வருகிறார்கள். அந்தக் கருவி வழியாகத் தாளம் நன்றாகவே போய்ச் சேரும். சுரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பிரிப்பதுதான் கடினம். பாட்டில் ஆர்வம் காட்டாத பிள்ளை ஆட்டத்தில் துள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தலையில் அடி படக் கூடாது. அதனால் கோல்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் மட்டும் மோதும் அடவுகளை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் காந்தச் சுருள் சுழலும்போது கழன்று விழலாம். ஒரு தலைப்பட்டை போட்டுவிடுங்கள். உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு விடுங்கள், ஆடட்டும்.

ஏற்காட்டில் கோடை விழாவுக்கு ஆடப் போகிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். வழியில் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். மேலே இறங்கியதும் எதுவும் கேட்கவில்லையே என்று கருவியின் ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். அடைப்பு விலக அரை மணி நேரம் கொடுங்கள். சளி பிடித்திருந்தால் விலக நேரமாகும். மாலையில் பனி இறங்கும்போது கருவியின் குழாயில் நீர் கோத்துக்கொண்டு ஒலி மங்கும். குழாயைக் கழற்றி உதறிவிட்டு மாட்டினால் தெளிந்துவிடும். சிலிகா டப்பாவை மறக்காமல் கொண்டுபோங்கள்.

நான் கும்மி சொல்லித் தருகிறேன். காது கேட்காத ஒருவர் சேர விரும்புகிறார். என்ன செய்ய வேண்டும்?

முதலில், சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். விளக்குக்கு முன்னால் நின்றால் உங்கள் வாய் நிழலாகிவிடும். பாட்டு ஓடும்போது விளக்கம் சொல்லாதீர்கள், நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். அடவு மாறும் இடத்துக்கு ஒரு தாளம் முன்னதாகக் கையை உயர்த்தி விரலால் எண் காட்டுங்கள். மாறிய பிறகு காட்டிப் பயனில்லை. அடவு வரிசையைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அவரை வட்டத்தில் உங்களுக்கு எதிரில் நிறுத்துங்கள்.

சீனாவின் மாற்றுத்திறனாளிகள் கலைக்குழு ஆடும் ஆயிரம் கை நடனத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2005 சீனப் புத்தாண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. ஆடும் 21 பேரும் காது கேட்காதவர்கள். அரங்கின் மூலைகளில் நின்று சைகையால் தாளம் காட்டுகிறவர்களைப் பார்த்து அவ்வளவு பேரும் ஒரே உடம்பாக அசைகிறார்கள். நம் வட்டத்தில் ஒருவர் கையை உயர்த்துவது எவ்வளவு சிறிய வேலை என்று யோசியுங்கள்.

அவர் தவறினால் தோளைப் பிடித்துத் திருப்பாதீர்கள். முன்னால் வந்து செய்து காட்டுங்கள். பின்னாலிருந்து வரும் கை, காது கேட்காதவருக்கு எப்போதும் திடுக்கிடல்தான்.

கேட்காது என்பதை எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். சொல்லாதவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூப்பிட்டும் திரும்பாதவள் என்று எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. “எனக்குக் காது மந்தம், முன்னால் வந்து பேசுங்கள்” என்ற ஒரே வாக்கியம் போதும். முதல் நாளே, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால்.

ஆடுவது சரி. முடிந்த பிறகு எல்லோரும் கூடிப் பேசும்போதுதான் தனியாகிவிடுகிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் கையை அன்று நான் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அதுதான் கடினமான நேரம். ஒரு மணி நேரம் எல்லோரோடும் ஒன்றாக அசைந்துவிட்டு, தட்டுவடை செட் கடைக்கு முன்னால் போய் நின்றால், பஸ் இரைச்சலும் ஆறு பேர் சிரிப்பும் கலந்து ஒன்றுமே புரியாது. மற்றவர்கள் சிரிக்கும்போது நாமும் சிரிக்கிறோம். எதற்கென்று தெரியாது. வீட்டுக்கு வரும்போது மனம் கனத்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடத்தில் நில்லுங்கள், பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறையும். தெருவிளக்கு அவர்கள் முகத்தில் படட்டும். ஆறு பேரின் பேச்சைத் துரத்தாதீர்கள். இருவரோடு பேசுங்கள். புரியாத சிரிப்புக்குச் சிரிக்காமல், “எனக்கு விட்டுப்போயிற்று, திரும்பச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். “ஒன்றுமில்லை, விடு” என்று பதில் வந்தால் அது வலிக்கும், எனக்கும் வலித்திருக்கிறது. எங்கள் குழுவில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். இப்போது யாரும் சொல்வதில்லை.

காதைப் பரிசோதிக்க எங்கே போவது?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். சிலருக்கு அழுக்கு அடைத்திருப்பதே காரணமாக இருக்கும், எடுத்துவிட்டால் தீர்ந்தது. தறியில் இன்னும் நிற்கிறவர்கள் காதடைப்பான் போடுங்கள். விசைத்தறிக் கூடத்தின் சத்தம் பெரும்பாலும் 90 டெசிபலுக்கு மேல்தான் இருக்கும். பறை அடிக்கும் தம்பிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

பாட்டு முடிந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் முதன்முதலாகக் கும்மியில் நின்றது உறவினர் வீட்டுச் சீர் ஒன்றில். பாட்டு நின்ற பிறகும் மூன்று தட்டு நான் மட்டும் தட்டினேன். சிரித்தார்கள். அதன் பிறகு இரண்டு ஆடிக்கு நான் எந்தக் கும்மிக்கும் போகவில்லை, ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கை பார்க்கக்கூட வெளியே வரவில்லை.

இப்போது எனக்கு எதிரில் நிற்கும் பெண்ணோடு ஓர் ஏற்பாடு இருக்கிறது. கடைசி வரி தொடங்கும்போது அவள் ஒருமுறை தலையைத் தாழ்த்துவாள். அதிலிருந்து எட்டு எண்ணுகிறேன். எட்டாவது, குவித்த கைத் தட்டு. அதோடு கையை இறக்கிவிடுகிறேன். முதல் நாளே எதிரில் நிற்பவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் ஒருமுறைகூட மறந்ததில்லை.